நோரீன் விட்டுவந்த ஐந்து பாடங்கள்

போன மே மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். மல்லின்ஸ் குடும்பத்தின் மூத்தவனும், நிலக்கரி ரயிலில் முப்பத்தெட்டு வருடம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவனுமான நான், வெர்னன். என் மனைவி ஐவா. என் தம்பி டென்வர். அறுபத்தைந்து வயதாகியும் சாப்பிடும்போது வாயை அடக்கத் தெரியாதவன். எங்கள் இருவருக்கும் ஒரே தங்கையான நோரீன், ஐம்பத்தைந்து. வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஹெஸ்டர் தானும் உடனிருந்ததாகச் சொல்லி வருகிறாள். அவள் ஆப்பிள் கேக்கைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விட்டாள்.

நோரீன் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருக்கிறாள். அந்த மே மாதத்துக்கு முந்தின வருடம்தான் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள இரண்டு வருடக் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். படிப்புக்கு அரசாங்க உதவித்தொகை. இரண்டு பருவம் முடிந்து ஆறு பாடத்திலும் தேறியிருந்தாள். அந்த மதிப்பெண் தாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒட்டியது ஐவா. வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று ஒட்டவில்லை. ஆனாலும் பட்டுக்கொண்டிருந்தது.

கோழியும் பீன்ஸும் சோள ரொட்டியும் ஒரு சுற்று வந்த பிறகு நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உதவித்தொகையை நிறுத்திட்டாங்க," என்றாள்.

ஐவாதான் முதலில் கேட்டாள். "யாருக்கு?"

"எனக்குத்தான் அண்ணி."

"ஆறுக்கு ஆறு பாஸ் பண்ணினவளுக்கா? ஆள் மாத்தி அனுப்பியிருப்பாங்க."

"ஆள் மாத்தலை. என் பேருதான். ஜனவரியிலயே ஒரு எச்சரிக்கை வந்தது. நல்லாத்தானே படிக்கிறோம், தானா சரியாயிடும்னு நானும் விட்டுட்டேன்."

"நல்லாப் படிச்சா நிறுத்துவாங்களா?" என்றான் டென்வர். "அப்போ என்னைச் சேத்துக்கச் சொல்லு. நான் படிக்கவே மாட்டேன்."

நோரீன் ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "சின்னண்ணே, இதைப் பாரு. உதவித்தொகை வாங்கறவங்க எடுத்துக்கிட்ட மூணு பாடத்துல ரெண்டையாவது முடிச்சிருக்கணும். தட்டுல எடுத்து வெச்ச மூணு ரொட்டியில ரெண்டையாவது தின்னு முடிக்கிற மாதிரி. நான் இப்போ ஆறு எடுத்தேன், ஆறையும் முடிச்சேன்."

"சரி."

"ஆனா எண்பத்தெட்டாம் வருஷம் அதே காலேஜ்ல அஞ்சு பாடம் எடுத்தேன். அந்த அஞ்சும் இன்னும் தட்டுலயே இருக்கு. மொத்தம் பதினொண்ணு. எட்டையாவது முடிச்சிருக்கணும். என்கிட்ட இருக்கிறது ஆறு."

"முப்பத்தஞ்சு வருஷத்து ரொட்டியா?" என்றான் டென்வர். "அதைக் கோழிகூடத் திங்காதே."

"அவங்க கணக்குல அது இன்னும் கெட்டுப்போகலை. அஞ்சுக்கும் எஃப், ஃபெயில்னு போட்டிருக்காங்க. நான் நின்னுட்டேன்னு யாரும் அங்க சொல்லவே இல்லை. பரீட்சைக்கு வராதவள்னு போட்டு மூடிட்டாங்க. அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா விலகிட்டாள்னு போச்சு. அப்பவே சொல்லியிருந்தா பணத்தைத் திருப்பிக்கூடக் கொடுத்திருப்பாங்களாம்."

மேசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மூவரும் மிகவும் சிரமப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தந்தை எலைஜா மல்லின்ஸ் பீச் ஃபோர்க் சபையில் முப்பத்தோரு வருடம் பாட்டுக்கு வரி எடுத்துக் கொடுத்தவர். எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுவதில்லை. ஒருவர் எழுந்து ஒரு வரியைச் சொல்ல, சபை அதை இழுத்துப் பாடும். அந்த வரிகள் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. எண்பத்தெட்டு செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அவர் ஒரே வரியை மூன்று முறை கொடுத்தார். சபையும் மூன்று முறை பாடியது. நான்காவது முறையும் அதே வரியைச் சொன்னபோது நான் எழுந்துபோய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். களைப்பு என்று சொன்னேன்.

அது களைப்பு இல்லை. அவருக்கு நினைவு தவறிக்கொண்டிருந்தது. எங்கள் அம்மாவை யார் என்று கேட்டார். அம்மா ஒருத்தியால் அவரைத் தாங்க முடியவில்லை. அக்டோபரில் நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போய், கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நோரீனை அழைத்து வந்தேன். கேட்கிறவர்களுக்கு, படிப்பை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று சொன்னோம். அப்பாவுக்கு இதயம் சற்றுப் பலவீனம் என்றோம். ஆறு வருடம் அவள் அவரைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"அப்பீல் பண்ணலாமாம்," என்றாள் நோரீன். "பண்ணினேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்ன எழுதினே?" என்றாள் ஐவா.

"குடும்பக் காரணங்களுக்காகப் படிப்பை நிறுத்தினேன்னு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

டென்வர் சிரித்துவிட்டான். "மல்லின்ஸ் ரத்தம்டி நீ. வீடு பத்தி எரிஞ்சாலும் தீயணைப்புக்காரன்கிட்ட, உள்ள கொஞ்சம் சூடா இருக்குன்னு சொல்ற குடும்பம்."

"காரணத்தை விவரமா எழுதணுமாம். அத்தாட்சி வைக்கணுமாம். டாக்டர் தாளோ, இறப்புச் சான்றிதழோ. அப்புறம் அதை நேர்ல பார்த்த இன்னொருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடுதாசி. அப்பலேர்ந்து இப்போ என்ன மாறியிருக்குன்னும் எழுதணும். வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"என்ன மாறியிருக்கா? அப்பா செத்துட்டாருன்னு எழுது," என்றான் டென்வர். "அதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி மாறுவான்?"

"டேய்," என்றேன்.

"சரிண்ணே."

நோரீன் என்னைப் பார்த்தாள். "பெரியண்ணே, சான்றிதழ் உன்கிட்டத்தான் இருக்கு. கடுதாசி எழுதணும்னா அதையும் நீதான் எழுதணும். சின்னண்ணன் அப்போ ஊர்லயே இல்லை."

"அப்பா பேரை ஏதோ ஒரு ஆபீஸ் மேசையில கொண்டுபோய்ப் போடறதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றேன். "அவருக்கு என்ன இருந்ததுன்னு இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். பணம் தானே? இந்த வருஷத்துப் பணத்தை நான் கட்டறேன்."

"உன் பென்ஷன்லயா?" என்றாள் ஐவா. "கூரை போன வருஷத்துலேர்ந்து ஒழுகுது."

"எனக்கு உன் பணம் வேண்டாம்," என்றாள் நோரீன். குரலை உயர்த்தவில்லை. அவள் உயர்த்துகிறவள் அல்ல. "இருபத்திரண்டு வருஷமா இல்லத்துல இருக்கிற பெரியவங்களைத் தூக்கறேன், குளிப்பாட்டறேன், ஊட்டறேன். யாருக்கு எந்த நேரம் வலிக்கும்னு எனக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கிற நேரம் வந்தா, நோரீன், நீ கொஞ்சம் தள்ளி நில்லுங்கறா நேத்து வந்த நர்ஸ் பொண்ணு. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் படிக்கிறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நாளைக்குக் காலையில ஷிஃப்ட் இருக்கு."

எழுந்து தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். டென்வரும் கேக்கில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஐவா பாத்திரங்களை எடுத்து வைத்தாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். "ஏங்க, அன்னிக்கு சர்ச்சுல ஒரே வரியை மூணு தடவை பாடினவங்க நூத்தி இருபது பேரு. அத்தனை பேருக்கும் காது கேட்காதா?"

"யாரும் ஒண்ணும் கேட்டதில்லையே."

"கேட்கலை. மரியாதை. உங்க மேல இல்லை, மாமா மேல."

நான் எழுந்து மிச்சக் கேக்கை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கையெழுத்துப் போடப் போகவில்லை. பேசிப் பார்க்கலாம் என்று போனேன். ஒரு குடும்பத்தின் மூத்தவன் நேரில் வந்து, இந்தப் பெண் காரணம் இல்லாமல் நிற்கவில்லை என்று சொன்னால் அது போதும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்தில் வங்கியிலும் கோர்ட்டிலும் அது போதுமானதாக இருந்திருக்கிறது.

உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் டாப்ஸன் என்று பெயர்ப்பலகை. உட்காரச் சொன்னாள். நான் நின்றேன்.

"நோரீன் மல்லின்ஸ் விஷயமா வந்திருக்கேன்," என்றேன்.

"மன்னிக்கணும் சார். அந்தப் பேர்ல இங்க ஒருத்தர் படிக்கிறாங்களா இல்லையான்னுகூட நான் சொல்ல முடியாது."

"படிக்கிறா. எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்தவ."

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம் என்ன, இருக்கு. எங்க அப்பாவுக்கு மூணு பிள்ளைங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா அவங்க எழுத்துல சம்மதம் கொடுக்காம நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்பா அம்மா வந்தாலும் இதேதான்."

"கவர்னர் வந்தா?"

"அவரையும் உட்காரச் சொல்லுவேன் சார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடிய கதவைப் போன்ற முகம், ஆனால் மரியாதை குறையாத முகம். இந்த மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஆறு வருடம் எங்கள் வாசலில் நின்றேன்.

"பொதுவாக் கேக்கலாமா?" என்றேன்.

"பொதுவாத் தாராளமாக் கேளுங்க."

"ஒருத்தர் அப்பீல் எழுதறார்னு வெச்சுக்குவோம். அதுல அவங்க வீட்டு விஷயம் இருக்கு. அதை யார் யார் படிப்பாங்க?"

"ஒரு குழு. மூணு பேர்."

"அப்புறம்?"

"முடிவு எழுதினதும் பூட்டின கோப்புக்குப் போயிடும்."

"அந்த மூணு பேருக்கும் வீடு வாசல் இருக்கும். ராத்திரி சாப்பிடும்போது பேசமாட்டாங்களா?"

"பேசக்கூடாது சார். பேசினா வேலை போயிடும். நான் ஒன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எங்க அம்மா இதே ஊர்ல அழகு நிலையம் வெச்சிருக்காங்க. இங்க இருந்து ஒரு வார்த்தை எடுக்கலாம்னு ஒன்பது வருஷமா முயற்சி பண்றாங்க. முடியலை."

எங்கள் சபையில்கூட இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

"சார்," என்று கூப்பிட்டாள். "பொதுவாத்தான் சொல்றேன். குடும்பக் காரணம்னு ரெண்டு வார்த்தை வந்தா அந்த மூணு பேரால ஒண்ணும் செய்ய முடியாது. மனசு இருந்தாலும் முடியாது. அவங்களுக்கு அத்தாட்சி வேணும். என்ன நடந்துதோ, அதை நடந்தபடி எழுதினா போதும்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். புதன்கிழமை முன்பகலுக்குள் ஒரு பக்கம் முடிந்தது. வேலை முடிந்து வந்த நோரீனிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள்.

"பெரியண்ணே, இது அப்பாவுக்கு நற்சாட்சிப் பத்திரம் மாதிரி இருக்கு. முப்பத்தோரு வருஷம் வரி எடுத்துக் கொடுத்தார், சபைக்கு நிலம் கொடுத்தார், யார்கிட்டயும் கடன் வாங்கினதில்லை. எல்லாம் சரி. இவரை யாராவது ஏன் பார்த்துக்கணும்? இவரு என்னைப் பார்த்துக்குவாரு போல இருக்கே."

ஐவா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"கொடு," என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தாளில் நடந்தபடி எழுதினேன். அப்பா தன் மனைவியை யார் என்று கேட்டதை எழுதினேன். நவம்பரில் வெறுங்காலோடு ரயில் பாதையில் நடந்துபோனவரை நான் கார்டாக இருந்த ரயிலின் டிரைவர்தான் பார்த்து வண்டியை நிறுத்தினார் என்பதை எழுதினேன். அவரைக் குளிப்பாட்டியதும், தாடி மழித்ததும், அவர் அடித்தபோது வாங்கிக்கொண்டதும் நோரீன் என்று எழுதினேன். பிறகு அக்டோபர் பதினேழாம் தேதியை எழுதினேன். நோரீன் தங்கியிருந்த வீட்டு வாசலில் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அவள், "ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். கல்லூரி அலுவலகம் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்தது. வேண்டாம், நம் வீட்டு விஷயத்தை ஊராருக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை என்று நான் சொன்னேன். அதன் பின் கல்லூரியிலிருந்து வந்த இரண்டு கடிதங்களையும் அவளிடம் காட்டாமல் அடுப்பில் போட்டவன் நான். அந்த ஐந்து பாடங்களும் அவள் தவறியவை அல்ல.

நோரீன் இதையும் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கடுதாசி வந்துதா?" என்றாள்.

"ரெண்டு."

"இதை எழுதச் சொல்லி நான் கேக்கலையே."

"நடந்ததை எழுதச் சொன்னாங்க. இது நடந்தது."

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு, "அப்பா அடிச்சதுல பாதி அவர் தப்பு இல்லை. நான்தான் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்," என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போடு. ஐவா அண்ணி, சாட்சியா ஒரு கப் காப்பி குடுங்க."

கையெழுத்துப் போட்டேன். அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து, இறப்புச் சான்றிதழைத் தேடி அவளிடம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருந்தது அதில் தெளிவாகவே இருந்தது.

வியாழக்கிழமை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுடைய வண்டியின் பிரேக் சரியில்லாததால் நான்தான் ஓட்டிப் போனேன். உள்ளே போகவில்லை. திரும்பி வந்தவள், "மிஸ் டாப்ஸன் உன்னைக் கேட்டாங்க," என்றாள்.

"என்னன்னு?"

"உன் பேரைச் சொல்லலை. தொப்பி வெச்ச ஒருத்தர் திங்கட்கிழமை வந்தாரா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது, வந்திருந்தா நல்ல மனுஷராத்தான் இருப்பார்னு சொன்னாங்க."

ஒன்பது நாளில் பதில் வந்தது. உதவித்தொகை மறுபடி உண்டு. ஆனால் நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பருவமும் அவர்கள் எழுதிக் கொடுத்த திட்டப்படி மூன்று பாடம் எடுத்து மூன்றையும் முடிக்கவேண்டும். ஏதாவது ஒரு பாடத்தை விடவேண்டிய நிலை வந்தால், விடுவதற்கு முன்னால் அலுவலகத்துக்கு வந்து சொல்லவேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை டென்வர் என் எதிரில் நின்று இரண்டு முறை சத்தமாக வாசித்தான்.

"புரிஞ்சுதாண்ணே? முன்னால வந்து சொல்லணுமாம்."

"காது கேக்குதுடா."

"இல்லை, சபையில வரி எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். நீயும் ஒரு தடவை இழுத்துப் பாடிட்டா மறக்காது."

அப்பா வரி எடுத்துக் கொடுத்ததைத் தொட்டுப் பேசிய முதல் கேலி அது, முப்பத்தைந்து வருடத்தில். நோரீன் சிரித்தாள். நான் அவனுக்குக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தேன். வாய் அடைபடட்டும் என்று.

இலையுதிர்ப் பருவத்தில் மூன்று பாடம் எடுத்து மூன்றையும் முடித்தாள். கல்லூரிக் கணக்கில் பதினான்குக்கு ஒன்பது. இந்த வசந்தத்திலும் மூன்று முடித்தால் பதினேழுக்குப் பன்னிரண்டு. அப்போது எந்த நிபந்தனையும் இல்லாமல் விதிக்குள்ளேயே வந்துவிடுவாள் என்று மிஸ் டாப்ஸன் சொல்லியிருக்கிறாள். நோரீன் சம்மதத் தாளில் என் பெயரையும் சேர்த்துவிட்டதால் இப்போது என்னிடமும் சொல்கிறாள். புதிய மதிப்பெண் தாளும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. பழையதை ஐவா எடுக்கவில்லை. பக்கத்தில் இடம் இருந்தது.

கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் உதவித்தொகை நின்று வந்தது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மீதியை ஊர் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. எண்பத்தெட்டில் நோரீன் மல்லின்ஸ் எல்லாப் பாடத்திலும் தோற்றதால் கல்லூரி அவளை வெளியேற்றியது என்றும், இப்போது வயதைப் பார்த்து இரக்கப்பட்டு மன்னித்துச் சேர்த்துக்கொண்டது என்றும் பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் பேசுகிறார்கள். அது தவறு. யாரும் அவளை வெளியேற்றவில்லை. எங்கள் தந்தைக்கு நினைவு தவறியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் அவளை அழைத்து வந்தேன். கல்லூரியில் சொல்லவிடாமல் தடுத்ததும் நான்.